ஊராட்சியும் குடிமக்களின் கேள்வியும்



பதுளையிலிருந்து பசறைக்கோ, பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கோ மாலை வேளையில் பயணஞ் செய்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். கொழுந்து நிறுக்கும் இடத்திலே பெண்கள் வரிசையாக நிற்பார்கள். முதுகில் கனத்த சுமையை இறக்கித் தராசில் வைத்ததும், ஒவ்வொருத்தியின் கண்ணும் தராசின் மேலேயே பதிந்திருக்கும். ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள், சாக்குக்கு எவ்வளவு கழித்தார்கள், செக்ரோலில் முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பதைக் கேட்டறிந்த பின்னரே அவள் அவ்விடம் விட்டு நகர்வாள். தன் உழைப்பின் கணக்கைத் தானே கேட்டறிய வேண்டும் என்பது அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுத்த பாடமன்று. வாழ்க்கை கற்பித்த பாடம்.

அதே பெண், தன் லயத்துக்குச் செல்லும் பாதை மழையில் அரித்துப் போனால் யாரைக் கேட்பாள்? குழாயில் நீர் வராவிட்டால், வீட்டின் பின்புறத்து மண்மேட்டில் வெடிப்புக் கண்டால், எந்த அலுவலகத்தின் படியேறுவாள்? பதில் எளிதன்று. தோட்டத் துரையைக் கேட்டால் அது பிரதேச சபையின் வேலை என்பார். பிரதேச சபையைக் கேட்டால் நிலம் கம்பனியின் பொறுப்பில் உள்ளது என்பார்கள். பிரதேச செயலகத்தைக் கேட்டால் திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறோம் என்பார்கள். பொறுப்பு இவ்வாறு வாசலுக்கு வாசல் தள்ளப்படும்போது, கேட்டவள் களைத்துப்போய் வீடு திரும்புகிறாள். அதிகாரத்தைக் கையில் வைத்திருப்போரைக் குடிமக்களுக்குப் பதில் சொல்ல வைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தத் தள்ளுபடி தற்செயலாக நேர்ந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளின் வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது தோட்டத் தொழிலாளர் அதற்குப் புறம்பாக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும், 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் கடந்துதான் அந்தக் குறை தீர்ந்தது. இதற்கிடையில் 1987ஆம் ஆண்டில் பிரதேச சபைச் சட்டம் வந்தது. பாதை, நீர், சுகாதாரம், பொதுவசதி என்பன அச்சபைகளின் கடமைகள் ஆயின. ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்ட எல்லைக்குள் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவர் சபையில் அமரலாம். ஆனால் வாக்களித்தவரின் பாதைக்கு ஒரு வண்டிக் கல் கொட்டுவதற்கும் அவர் தயங்க வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்தித் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபைகள் பணிசெய்ய வழி திறந்தது. வாக்குக்கும் சேவைக்கும் இடையே முப்பது ஆண்டுகள் நின்ற வேலி அவ்வாறு நீங்கியது.

வேலி நீங்கினால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஊவா மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. நேயர்கள் அதனை மறந்திருக்க மாட்டார்கள்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள். ஹல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம். காலை எட்டு மணிக்கு முன்னரே மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. எத்தனை பேர் புதையுண்டனர் என்பதையே பல நாள் வரை எவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றார்கள். பின்னர் தொகை குறைந்துகொண்டே வந்தது. அங்கே யார் யார் வாழ்ந்தனர் என்ற கணக்கே தெளிவாக இல்லாத நிலை அது.

இதனினும் வேதனை தரும் செய்தி ஒன்று உண்டு. அந்த மலைச்சரிவு ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஆகவே அறிவு இல்லாமற் போகவில்லை. ஆய்வு இல்லாமற் போகவில்லை. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. ஆனால், "இம்மக்களுக்கு மாற்றிடம் தேடித் தரவேண்டியவர் யார்? எந்த நாளுக்குள்? எந்தப் பணத்தைக் கொண்டு?" என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இல்லை. போக இடமில்லாதவரிடம் போய்விடு என்று கூறுவதனால் மட்டும் ஒரு நிருவாகத்தின் கடமை முடிந்துவிடுமா? தப்பிப் பிழைத்தோருட் பலர் மக்கல்தெனியவிலே மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தனர். 2016 அக்டோபரில்தான் 75 வீடுகள் அவர்களிடம் கையளிக்கப்பட்டன. மலைகளோ அத்துடன் ஓயவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையினால் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மீண்டும் மண் சரிந்தது. மீண்டும் உயிர்கள் மாண்டன.

பொறுப்புக்கூறல் என்பது மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல். அதன் பொருள் மேலே கூறிய மூன்று கேள்விகளுள் அடங்கிவிடும். முடிவு யாருடையது, பணம் எங்கிருந்து, காலம் எவ்வளவு? இவற்றுக்கு எழுத்திலே பதில் தருமாறு ஓர் அலுவலகத்தைக் கட்டாயப்படுத்த முடியுமானால், அங்கே பொறுப்புக்கூறல் உண்டு. முடியாவிட்டால் வெறும் இரக்கந்தான் உண்டு. இரக்கம் இன்று சுரக்கும், நாளை வற்றும். உரிமை அவ்வாறு வற்றுவதில்லை.

மீரியபெத்தை புதையுண்ட நாளில் அவ்வாறு கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை, பிரதேச செயலகம், அமைச்சு, திணைக்களம் ஆகிய யாவும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை.

இதன் நடைமுறை மிக எளியது. ஒவ்வோர் அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். குடிமகன் எவனும் அவரிடம் எழுத்து மூலம் தகவல் கேட்கலாம். எழுத இயலாதவர் வாயாற் கூறினால், அதனை எழுத்தில் அமைத்துக் கொள்வது அந்த அலுவலரின் கடமை. ஏன் கேட்கிறாய் என்று காரணம் வினவ அவருக்கு உரிமை இல்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு ஒப்புகை தருதல் வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவை அறிவித்தல் வேண்டும். ஒருவரின் உயிரோடு தொடர்புடைய தகவலாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் தரப்படல் வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ, மேன்முறையீட்டுக்கென அதே நிறுவனத்தில் நியமிக்கப்பட்ட அலுவலரிடம் பதினான்கு நாட்களுக்குள் முறையிடலாம். அங்கும் பயன் விளையாவிடின், இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடலாம்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். "எங்கள் பாதையைச் செப்பனிட்டுத் தாருங்கள்" என்று எழுதுவது வேண்டுகோள். "எங்கள் பாதைக்குச் சென்ற ஆண்டு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது? எவ்வளவு செலவாயிற்று? ஒப்பந்தகாரர் யார்? வேலை முடிந்ததென்று சான்றளித்தவர் யார்?" என்று எழுதுவது கேள்வி. வேண்டுகோளை அலுவலகம் கோப்பிலே வைத்து மறந்துவிடலாம். கேள்விக்கோ நாள் குறித்துப் பதில் தந்தாக வேண்டும். அவ்வாறே, "எங்கள் மலை விழுமா?" என்று கலங்கி நிற்பதைவிட, "எங்கள் தோட்டப் பிரிவைப் பற்றி நடத்தப்பட்ட மண்சரிவு ஆய்வின் பிரதியைத் தருக, அதன் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை யாது எனக் கூறுக" என்று கேட்பது மேலானது. ஊவாவின் மலைச்சரிவுகளில் வாழும் ஒவ்வொரு குடியிருப்பும் கேட்டுவைக்க வேண்டிய முதற் கேள்வி இதுவே.

கேள்விக்கு இத்தனை வலிமை உண்டா என்று சிலர் ஐயுறலாம். இந்தியாவின் இராசத்தான் மாநிலத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர் அமைப்பு 1990ஆம் ஆண்டில் தோன்றியது. அதிலே இருந்தோர் பெரும்பாலும் ஏழைக் கூலிகளும் சிறு விவசாயிகளும் ஆவர். பொது வேலைகளில் கூலி குறைவாகக் கொடுக்கப்பட்டது ஏன் என்று ஆராய்ந்தபோது, அரசாங்கத்தின் கூலிப் பதிவேட்டைக் கண்ணாற் கண்டாலன்றி உண்மை வெளிப்படாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். 1994 டிசம்பரிலிருந்து ஊர் ஊராக மக்களைக் கூட்டிப் பதிவேடுகளை உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டி முடியாத கட்டடம் முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்ததும் ஊரார் முன்னிலையில் வெளியாயின. அந்தச் சிறு முயற்சியே வளர்ந்து 2005ஆம் ஆண்டில் இந்திய நாடு முழுவதற்குமான தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழிகோலியது. செக்ரோலின் அருமை அறிந்த நம் மக்களுக்கு இக்கதையை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

தமிழருக்கும் இது புதிய எண்ணமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். குடவோலை முறையிலே வாரிய உறுப்பினரைத் தெரிவு செய்யும் விதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் உறுப்பினராதல் ஆகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அந்தச் சபையில் எல்லாக் குலத்தாருக்கும் இடம் இருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், பதவிக்கு முதற்தகுதி கணக்குக் காட்டுதல் என்ற கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டிருந்தது.

இனி, நம் சபைகளைப் பார்ப்போம். பதுளை மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை ஆகிய இரு மாநகர சபைகளும், ஹப்புத்தளை நகர சபையும், பதினைந்து பிரதேச சபைகளும் உள்ளன. பிரதேச சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. சபைகளின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் ஆராய்கிறார். இவ்வாயில்கள் திறந்தேயிருக்கின்றன, உட்செல்வோர்தாம் குறைவு. ஆண்டின் வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் நாட்களில் ஒரு தோட்டத்திலிருந்து இரண்டு பேர் சபைக்குச் சென்று, தம் பிரிவின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்பார்களாயின், மறு ஆண்டு அந்தப் பெயர் விடுபடுவது அரிது.

கேட்கப்படுவதற்குச் சபையே இல்லாத நிலையும் ஏற்பட்டதுண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குப் பணமில்லை என்று கூறப்பட்டது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தல் நடத்தப்படாமை குடிமக்களின் அடிப்படை உரிமை மீறலாகும் என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் சபைகள் அதிகாரிகளின் கையிலேயே இருந்தன. ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டம்பரில் தேர்தல் நடந்தது. 2019இல் காலம் முடிந்த பின்னர் 2025 இறுதி வரையிலும் மறு தேர்தல் நடைபெறவில்லை. வாக்குக் கேட்டு வருவோர் இல்லாத காலத்திலேதான் குடிமக்களின் கேள்வி இன்னும் கூர்மையாதல் வேண்டும்.

"நாங்கள் சபைக்கு வரி கட்டுவதில்லையே, கேட்கலாமா?" என்று தோட்டத்திலே சிலர் கூசுவதுண்டு. கடையில் வாங்கும் பல பண்டங்களின் விலையோடு அரசுக்குரிய வரியும் சேர்ந்தே இருக்கிறது. சபைகளுக்கு வரும் அரச மானியம் அந்தப் பொதுப்பணத்திலிருந்தே வருகிறது. எனவே கூச்சத்துக்கு இடமில்லை. மொழியைக் குறித்தும் அஞ்ச வேண்டியதில்லை. பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999ஆம் ஆண்டிலேயே இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது சலுகையன்று, உரிமை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. 1992ஆம் ஆண்டு முதல் பெருந்தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளின் கையில் உள்ளது. நிலம் அரசினுடையதாயினும், அதிலே வேலை செய்ய முனையும் சபை கம்பனியின் இணக்கத்தை நாடவேண்டி வருகிறது. சபைகளின் நிதியும் பெரிதன்று. ஒரு விண்ணப்பத்தால் ஒரு பாதை உடனே விளைந்துவிடாது. ஆயினும் எழுதப்பட்ட கேள்வியும் எழுதப்பட்ட பதிலும் ஒரு கோப்பிலே சேரும்போது, "எங்களுக்குத் தெரியாது" என்று கூறும் வாய்ப்பு மறைகிறது. ஆகவே ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஒருவர் அத்தகைய கோப்பைப் பேணுவாராக. அனுப்பிய கடிதத்தின் பிரதி, பெற்ற ஒப்புகை, வந்த பதில் ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்கி வைப்பாராக. படித்த இளைஞர் செய்யத்தக்க பொதுப்பணி இதனினும் பயனுள்ளது ஒன்றில்லை.

மீரியபெத்தையைப் பற்றிய எச்சரிக்கை ஒன்பது ஆண்டுகள் காகிதமாகவே இருந்தது. அத்தகைய காகிதம் இன்றும் எங்கேனும் ஓர் அலுவலகத்தில் இருக்கலாம். அதிலே எழுதப்பட்டிருப்பது உங்கள் லயத்தின் பெயராகவும் இருக்கலாம். அதனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மழை தொடங்கு முன்னரே கேளுங்கள்.