காணியை விற்க மறுத்த 103 கமக்காரர்

பிரான்சின் தெற்கே அவேரோன் மாவட்டத்தில் லா கவல்ரி என்றொரு சிற்றூர் உண்டு. லார்சாக் எனப்படும் சுண்ணக்கல் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தில் அது அமைந்திருக்கிறது. மத்திய காலத்து மதில்கள் இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன.

அங்கே மழை பெய்தாலும் நீர் தங்குவதில்லை. கல்லின் வெடிப்புகளூடாக நிலத்தடிக்கு இறங்கிவிடும். எனவே ஆடுகள் நீர் அருந்துவதற்கு வட்டமான குட்டைகளை முன்னோர் அமைத்தார்கள். பள்ளங்களில் சேர்ந்த மண்ணிலே தானியம் விளைகிறது. எஞ்சிய தரை மேய்ச்சலுக்கு. செம்மறிகளின் பால், அயலூரான ரொக்போரின் குகைகளிலே முதிரும் புகழ்பெற்ற பாற்கட்டியாகிறது.

லா கவல்ரிக்கு அருகே ஏறத்தாழ 3,000 ஹெக்டேயரில் பழைய இராணுவ முகாம் ஒன்று இருந்தது. 1971 ஒக்டோபரில், அதனை 17,000 ஹெக்டேயராக விரிவாக்கப் போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் டெப்ரே அறிவித்தார். கமக்காரரின் வீடுகளும் பட்டிகளும் மேய்ச்சல் தரைகளும் அந்த எல்லைக்குள் அகப்பட்டன.

1972 மார்ச்சில் 103 கமக்காரர் ஒன்றுகூடி, தம் காணியை இராணுவத்துக்கு விற்பதில்லை என எழுதிக் கையொப்பமிட்டனர். ஒவ்வொருவராகப் பேரம் பேசப்பட்டால் ஒவ்வொருவராக வீழ்வோம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். காந்தியடிகளின் சீடரான லான்சா டெல் வாஸ்தோ அவ்வாண்டு லா கவல்ரியில் 15 நாள் உண்ணாநோன்பு இருந்தார். வன்முறையற்ற வழியே அவர்களது வழியாயிற்று.

1972 ஒக்டோபரில் செம்மறிகளைப் பாரிஸ் நகருக்குக் கொண்டுசென்று ஈபெல் கோபுரத்தடியில் மேயவிட்டார்கள். 1973 இல் உழவு இயந்திரங்களோடு தலைநகர் நோக்கிப் புறப்பட்டார்கள். அதே ஆண்டு லா பிளக்கியேர் என்னும் குக்கிராமத்தில், அனுமதி கிடையாத போதும், தொண்டர்களின் துணையோடு பெரியதொரு ஆட்டுப்பட்டியைக் கல்லாற் கட்டத் தொடங்கினார்கள். நாடெங்குமுள்ள ஆதரவாளர் பலர் தம் வரியில் 3 வீதத்தைச் செலுத்தாது அந்தக் கட்டட வேலைக்கு அனுப்பினர். வேறு பலர் முகாம் எல்லைக்குள் சிறு சிறு காணித்துண்டுகளைக் கூட்டாக வாங்கினர். உரிமையாளர் பெருகப் பெருக, காணி சுவீகரிப்பு சிக்கலாயிற்று. 1978 இல் ஏறத்தாழ 700 கிலோமீற்றர் நடந்து பாரிஸ் சேர்ந்தனர்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1981 இல் பிரான்சுவா மித்தரோன் ஜனாதிபதியானதும் விரிவாக்கம் கைவிடப்பட்டது.

இதற்கிடையில், விற்க முன்வந்தவர்களிடமிருந்து அரசு வாங்கியிருந்த ஏறத்தாழ 6,300 ஹெக்டேயர் காணியை என்ன செய்வது? 1985 இல் அது கமக்காரரே நடத்தும் சங்கமொன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. அக்காணியை எவரும் விற்க முடியாது. பயிரிடுபவர் ஓய்வுபெறும் வரை வைத்திருப்பார். பின்னர் அது கமம் செய்ய விரும்பும் இன்னொருவரைச் சேரும். 2013 இல் இக்குத்தகை 2083 ஆம் ஆண்டு வரை நீடிக்கப்பட்டது.

பழைய முகாம் அகலவில்லை. 2016 முதல் வெளிநாட்டுப் படையணியின் ஒரு பிரிவு அங்கே தங்கியுள்ளது. ஆனால் அதன் வேலிக்கு வெளியே, பறிபோகவிருந்த தரைகளிலே, செம்மறிகள் இன்றும் மேய்கின்றன.