சொல்லத் தெரியாத செல்லங்கள்!

நெய்வேலி நகரியத்தில் எந்த வட்டத்துக்குப் போனாலும் வீட்டைச் சுற்றித் தோட்டம், மாமரம், பலாமரம் என்று பச்சைப் பசேல் என்றிருக்கும். வாசலில் நாய் காவல் காக்கும். மதில்மேல் பூனை தூங்கும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதா, குட்டீஸ்?

வயிறு வலித்தால் நீங்கள் 'அம்மா, வலிக்குது' என்பீர்கள். அம்மா ஓமத் தண்ணீர் கொடுப்பார். நாய்க்குட்டிக்கு வலித்தால்? அதற்குச் சொல்லத் தெரியாது. தினமும் அதோடு விளையாடும் நீங்கள்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைக் கவனியுங்கள்!

சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறதா? கூப்பிட்டால் வாலை ஆட்டாமல் மூலையில் படுத்திருக்கிறதா? பூனை கட்டிலுக்கு அடியிலேயே ஒளிந்திருக்கிறதா? உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அது ஆபத்து. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.

நீங்களாக மருந்து கொடுக்கவே கூடாது. நமக்குக் காய்ச்சலைக் குறைக்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே பறித்துவிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு விஷம்.

வெயிலும் மழையும்

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும். அதனால்தான் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக் கொள்கிறது. கத்திரி வெயிலில் மதிய நேரத்தில் அதைத் தார் ரோட்டில் நடக்க விடாதீர்கள். பாதம் கொப்பளித்துவிடும். நிழலில் ஒரு சட்டி நிறையத் தண்ணீர் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எலிக்காய்ச்சல் வரும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து அது நாய்க்கும் பரவும், மனிதருக்கும் பரவும். குட்டையில் நாயை விளையாட விடாதீர்கள். நீங்களும் இறங்காதீர்கள்!

புல்தரையில் திரும்பி வந்ததும் காது மடல், கழுத்து, விரல் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அது இரத்தத்தைக் குடிப்பதோடு காய்ச்சலையும் பரப்பும். விரலால் நசுக்காமல் பெரியவர்களிடம் காட்டுங்கள்.

ஊசி எப்போது?

நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் தடுப்பூசி. அதன்பின் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். இது வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வரும் பார்வோ நோயிலிருந்து காப்பாற்றும். 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி; பிறகு மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல் மறு ஊசி. பூனைக்கும் உண்டு. குடற்புழு மருந்தையும் மறக்காதீர்கள். ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது உங்கள் வேலை!

ஒன்பது வயதுப் பையன்

1885-ஆம் ஆண்டு ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனை வெறிநாய் கடித்துவிட்டது. அவன் அம்மா அவனை லூயி பாஸ்டரிடம் அழைத்து வந்தார். ஜூலை 6 அன்று தன் புதிய தடுப்பூசியைப் பாஸ்டர் அவனுக்குப் போடச் செய்தார். மொத்தம் 13 ஊசிகள். பையன் பிழைத்தான்! பின்னாளில் பாரீஸ் பாஸ்டர் நிலையத்திலேயே காவலாளி ஆனான். நம் நீலகிரி மாவட்டம் குன்னூரிலும் 1907-இல் ஒரு பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட கதையை உங்கள் தாத்தா சொல்வார். இப்போது கையில் நான்கைந்து ஊசிதான்.

மறைக்காதீர்கள்!

உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள். பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஏன் தெரியுமா? குழந்தைகள்தான் நாயோடு அதிகம் விளையாடுகிறார்கள். 'அப்பா திட்டுவாரே' என்று பயந்து கடியை மறைப்பவர்களும் அவர்கள்தான். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிகமிக அரிது. அதற்கு முன் ஊசி போட்டால் பயமில்லை.

தெருநாயோ, வீட்டு நாயோ, பூனையோ, பல்லோ நகமோ பட்டால் உடனே குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த் தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம்.

திட்டு ஐந்து நிமிடத்தில் மறந்து போகும். உங்கள் செல்லத்துக்குச் சொல்லத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமே! அதற்காகவும் சொல்லுங்கள், உங்களுக்காகவும் சொல்லுங்கள்.