மெருகும் அதன் அளவும்

மெருகு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவன பொற்கொல்லர் செய்த நகையும் துலக்கி வைத்த குத்துவிளக்குமே. அங்கு மெருகு கண்ணுக்கு விருந்து. இயந்திர உறுப்புகளைச் செய்வோரும் மெருகைப் பற்றி ஓயாது பேசுகின்றனர். ஆயின் அவர்கள் நாடுவது அழகன்று. ஆங்கிலத்தில் இதனை ‘பினிஷ்’ என்பர். முடிவு என்பதே அதன் நேர்பொருள். ஓர் உறுப்பு எப்பணிக்கு உரியதோ அப்பணிக்கு ஏற்றவாறு அதன் மேற்பரப்பைச் செய்து முடித்தல் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

எவ்வளவு கூரிய உளியால் கடைந்தாலும் உலோகத்தின் பரப்பு முற்றிலும் சமமாக அமைவதில்லை. உளி சென்ற வழியெல்லாம் மேடும் பள்ளமுமாக நுண்ணிய வரிகள் நிற்கும். இவற்றை அளக்கும் அலகு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் 1,000-இல் ஒரு பங்கு. வைரமுனை கொண்ட ஊசி ஒன்று பரப்பின்மீது மெல்ல ஊர்ந்து, தான் ஏறி இறங்கிய அளவைக் கருவிக்குத் தெரிவிக்கும். அம்மேடு பள்ளங்கள் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கும் சராசரியே அப்பரப்பின் கரடு எனப்படும்.

தமிழகத்தின் மேற்கெல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்தில், வாளையாற்றுக்கு அணித்தே, கஞ்சிக்கோடு என்னும் தொழில் மையம் உள்ளது. பொதுத்துறையைச் சேர்ந்த இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனம் 1974-ஆம் ஆண்டு அங்கு ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. ஆலைக் குழாய்களில் நீராவி, எண்ணெய் முதலியவற்றின் ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆளுகின்ற கட்டுப்பாட்டு வால்வுகளைச் செய்வது அதன் முதன்மைப் பணி. அத்தகைய வால்வு ஒன்றையே சான்றாகக் கொள்வோம். அதன் நான்கு பரப்புகளுக்கும் நான்கு வகை முடிப்பு வேண்டும்.

முதலாவது, வார்ப்பால் ஆன வெளியுடல். சிறு எஃகு மணிகளை விசையுடன் வீசி அதனைத் தூய்மை செய்வர். அதனால் எழும் கரடு குற்றமன்று. வண்ணப்பூச்சு பற்றிக்கொள்ள அதுவே துணை.

இரண்டாவது, வால்வைக் குழாயோடு இணைக்கும் பிளாஞ்சின் முகம். இங்கு வேண்டுமென்றே நெருங்கிய வரிகளைக் கடைந்து வைப்பர். அதன் கரடு 3.2 முதல் 6.3 மைக்ரான் வரை இருப்பது பொதுவான விதி. மறையாணிகளை முடுக்கும்போது இடையிலுள்ள கேஸ்கெட் அவ்வரிகளில் அழுந்திப் பிடிப்புக் கொள்ளும். முகத்தைக் கண்ணாடியாக மெருகிட்டாலோ, அழுத்தம் மிகும்போது கேஸ்கெட் வழுக்கி வெளியேற இடமுண்டு.

மூன்றாவது, மேலும் கீழும் இயங்கும் தண்டு. இதைச் சாணையிட்டுப் பின் மெருகிடுவர். தண்டு கரடாக இருப்பின், அதனைச் சூழ்ந்து கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை அரம் போல் ஒவ்வோர் அசைவிலும் அராவிவிடும்.

நான்காவது, வால்வின் உயிர்நிலை: அடைப்பானும் அது வந்து அமரும் இருக்கையும். இவ்விரண்டையும் ‘லாப்பிங்’ என்னும் தேய்ப்பு முறையால் பொருத்துவர். எண்ணெயில் குழைத்த நுண்ணிய தேய்ப்புப்பொடியை இடையிலிட்டு, அடைப்பானை இலேசாக அழுத்தி முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்புவர். அவ்வப்போது தூக்கி இடம் மாற்றி வைப்பர். பின்னர்ப் பொடி ஒரு துகளும் எஞ்சாமல் கழுவி, நீல மை தடவிச் சோதிப்பர். மை அறுபடாத ஒரே வளையமாகப் பதிந்தால் பணி நிறைவுற்றது.

அவ்வளையத்தில் சிறு கீறல் இருந்தால் என்ன நேரும்? உயர் அழுத்த நீராவி அவ்வழியே பீறிட்டு, நாளடைவில் எஃகையே வாய்க்கால் போல் அறுத்துவிடும். ஆகவே கசிவுக்கு வகுப்புவாரியாக வரம்பு உண்டு. நான்காம் வகுப்பு வால்வு மூடியிருக்கையில், தன் முழுக் கொள்ளளவில் 10,000-இல் ஒரு பங்குக்கு மேல் கசியவிடலாகாது. எனினும் அளவுக்கு மிஞ்சித் தேய்ப்பதும் தீதே. தொடும் வளையம் அகன்று அழுத்தம் பரவிப்போவதால், அடைப்பு நெகிழும்.

எல்லையை ஒட்டிய மற்றொரு மாவட்டமான இடுக்கியிலும் இவ்வுண்மையைக் காணலாம். 1976-இல் இயங்கத் தொடங்கிய மூலமற்றம் நிலத்தடி மின்நிலையத்தில், பின்னாளில் சேர்ந்தவற்றையும் கூட்டி, 130 மெகாவாட் திறனுடைய ஆறு இயந்திரங்கள் உள்ளன. 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து இறங்கும் நீர், விநாடிக்கு 100 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதுகிறது. இத்தகைய சக்கரங்களில், நீரைப் பீச்சும் முனையிலுள்ள ஈட்டி போன்ற உறுப்பு கரடானால் நீர்த்தாரை சிதறும். கிண்ணங்கள் கரடானால் ஆற்றல் உராய்வில் வீணாகும். ஆதலின் நீர் தொடும் பரப்பை நன்கு மெருகிட வேண்டும். மணல் அரித்த இடங்களைச் செப்பனிட்டு மீண்டும் இழைக்க வேண்டும்.

மெருகு ஒவ்வொரு படி ஏறும்போதும் உழைப்பும் செலவும் ஏறுகின்றன. வேண்டாத இடத்து மெருகு வீண்செலவு; வேண்டிய இடத்துக் கரடு ஆபத்து. வரைபடத்தில் ஒவ்வொரு பரப்புக்கும் எதிரே கரட்டின் அளவைக் குறிப்பது இதன் பொருட்டே. பணிமனையில் தொழில் பயிலும் இளைஞர், “இப்பரப்பு எதனைத் தொடுகிறது? என்ன செய்யப்போகிறது?” என்று முதலில் வினவட்டும். எவ்வளவு மெருகு என்பதை அவ்விடையே சொல்லிவிடும்.