ஒரு கண்ணுக்கு எவ்வளவு?

பழவேற்காடு ஏரியில் வெயில் இரண்டு தடவை அடிக்கும்: மேலிருந்து ஒரு தடவை, தண்ணீரில் பட்டுத் திரும்பி இன்னொரு தடவை. காட்டூர்ப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய மீனவர் ஒருவர் வலையில் சிக்கிய இறாலைப் பிரித்தெடுக்கத் தடுமாறினால், முதல் சந்தேகம் கண்புரைதான். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகுத் தொழில் செய்யும் 838 பேரைப் பரிசோதித்து 1988இல் வெளியான ஆய்வு ஒன்று, புறஊதா-பி கதிர் அதிகம் பட்டவர்களுக்கு ஒருவகைப் புரை கூடுதலாக வருவதைக் காட்டியது. கண்ணின் ஆடி, அதாவது லென்ஸ், மங்குவதுதான் புரை. அதில் உள்ள புரதம் ஒருமுறை உருவானால் அப்படியே இருப்பது. கெட்டால் புதிதாக ஊறாது. ஆடியையே மாற்ற வேண்டும்.

மாற்றலாம் என்று கண்டவர் லண்டன் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் பகைக்காமல் வைத்துக்கொண்டதைக் கவனித்தவர், 1949இல் அதே பொருளில் லென்ஸ் செய்து பொருத்தினார்.

இப்போது பொன்னேரியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், ஒரு தனியார் கண் மருத்துவமனையில் விசாரித்தால் 'பேக்கேஜ்' அட்டையை நீட்டுவார்கள். அதே மருத்துவர், அதே தியேட்டர், ஏறக்குறைய கால் மணி நேர வேலை. தொகை மட்டும் சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். பெரிய வித்தியாசம் லென்ஸில் இருக்கிறது. மோனோஃபோகல் தூரப் பார்வையைத் தரும். கிட்டத்துக்குக் கண்ணாடி போட வேண்டும். மல்டிஃபோகல் ஒளியைப் பங்கு போட்டுத் தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும். அந்தப் பங்கீட்டால் இருட்டில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும் உண்டு. விடியுமுன் படகு தள்ளுகிறவருக்கு அது தொந்தரவு. விலை கூடியது அவருக்கு நல்லது என்று யார் சொன்னாலும் நான் ஒப்ப மாட்டேன்.

மீதித் தொகை எங்கே போகிறது? புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ இயந்திரம், நுண்ணோக்கி, தியேட்டர், சம்பளம். இவற்றில் பெரும்பகுதி ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு. கடன் வாங்கிப் படகு கட்டியவருக்கு இது புரியும். தொழிலுக்குப் போகாத நாளிலும் வட்டி ஓடும். இயந்திரம் சும்மா கிடந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் நம் பில்.

மதுரை அரவிந்த் மருத்துவமனை பிடித்தது இந்த முடிச்சைத்தான். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கினார். அங்கே மருத்துவருக்குப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் மற்ற மேசையில் தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் நுண்ணோக்கி அந்தப் பக்கம் திரும்பும். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு இரண்டாயிரம் கண்களைக்கூடத் தொட முடிவது இப்படித்தான். செலவு அத்தனை பேருக்கும் பிரிந்துவிடுகிறது. கட்டணம் கட்டுபவர்களின் பணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்கிறது. இறக்குமதி லென்ஸ் ஏறக்குறைய 100 டாலர் விற்ற காலத்தில், 1992இல், ஆரோலேப் என்று சொந்தமாக ஆலை வைத்து அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஃபேக்கோ இயந்திரமே இல்லாமல், சற்றுப் பெரிய கீறலில், தையல் போடாமல் செய்யும் முறையும் உண்டு. நேபாளத்தில் இரண்டையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து இரு தரப்பாரின் பார்வையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஃபேக்கோவில் புண் சீக்கிரம் ஆறும் என்பது உண்மைதான். அவசரமில்லாதவருக்கு அது எத்தனை ஆயிரம் பெறும் என்பது அவரவர் கணக்கு.

ஆகவே அட்டையை நீட்டும்போது கேளுங்கள்: மோனோஃபோகல் போட்டால் எவ்வளவு? பரிசோதனை, மருந்து, மறுவருகை இதற்குள் அடக்கமா? எழுதித் தருவீர்களா? லென்ஸ் டப்பாவில் பவரும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் அட்டையில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பணமில்லை என்று புரையை முற்றவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. 1819இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இதே அறுவை சிகிச்சையை இலவசமாகவே செய்கிறார்கள்.