இன்ஜின் வேலை முடிந்தும் தட்டல் ஏன்?

சிலிண்டரைப் போர் செய்து, புது பிஸ்டன் போட்டு, இன்ஜினைப் பூட்டிய பிறகும் 'டக் டக்' சத்தம் நிற்கவில்லையா? உடனே மறுபடி பிரிக்க வேண்டியதில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் காதைத்தான் நம்புவார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை, சுழலும் பெல்ட்டில் படாமல் இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் ஒட்டிவைத்தால் சத்தம் பிறக்கும் இடம் ஓரளவு பிடிபடும்.

அடுத்தது தாளம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் 2 முறை சுற்றினால் கேம் ஷாஃப்ட் 1 முறைதான் சுற்றும். ஆகவே கேம் இயக்கும் டேப்பெட்டின் சத்தம் கிராங்கின் வேகத்தில் பாதியாகவே கேட்கும்.

சூடும் துப்புக் கொடுக்கும். குளிர்ந்திருக்கும்போது தட்டி, சூடானதும் அடங்கினால், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி கூடுதலோ என்று பார்க்கலாம். ஆயில் சூடாகி இளகியதும் சத்தம் ஓங்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது கனமாகத் தட்டினால் கனெக்டிங் ராட் பேரிங் மீதுதான் சந்தேகம். பல சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் என்றால், ஒவ்வொரு சிலிண்டராகத் தீப்பொறியை நிறுத்திப் பார்ப்பார்கள். எதை நிறுத்தும்போது தட்டல் குறைகிறதோ, அந்தச் சிலிண்டரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

எல்லாச் சத்தமும் உள்ளே பிறப்பதில்லை. ஃப்ளைவீல் போல்ட் தளர்ந்தாலும், சைலன்சர் இணைப்பில் புகை கசிந்தாலும் தட்டல் போலவே கேட்கும்.

தட்டலோடு ஆயில் பிரஷர் விளக்கும் எரிந்தால் இன்ஜினை அப்போதே நிறுத்துங்கள். இல்லையேல், பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் வரை போய்விடும்.