மூன்று கோபுரங்கள், மூன்று மகுடங்கள்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் சுருக்கமான எழுத்து வடிவம்)

கோபன்ஹேகனில் வாழும் நம்மவர்கள் ஒரு படத்தைத் தினமும் பார்க்கிறார்கள். நகரசபைக் கடிதத்தில் இருக்கும். தெருவில் கால் வைக்கும் இரும்பு மூடியிலும் இருக்கும். நீரலைகளுக்கு மேல் மூன்று கோபுரங்கள். அதுதான் அந்த நகரத்தின் இலச்சினை. 13ஆம் நூற்றாண்டு முத்திரையிலேயே அந்தக் கோபுரங்கள் உண்டு.

முழு வடிவத்தைப் பார்த்தால், நடுக்கோபுர வாசலில் வாளை உருவியபடி ஒரு வீரன் நிற்பான். அவன் பிற்பாடு வந்தவன். 1658 முதல் 1660 வரை சுவீடன் படை நகரத்தை முற்றுகையிட்டது. குடிமக்கள் மன்னரோடு சேர்ந்து நின்று காத்தார்கள். அதற்குக் கைம்மாறாக மூன்றாம் பிரெடெரிக் 1661இல் இந்த இலச்சினையை வழங்கினார். வீரனின் கேடயத்தில் இருப்பது அந்த மன்னரின் பெயரெழுத்து. 'ஊரைக் காத்தவர்கள் நாங்கள்' என்கிறார்கள் மக்கள். 'ஊர் என்னுடையது' என்கிறார் மன்னர். இரண்டு குரலும் ஒரே படத்தில் இருக்கின்றன.

இலச்சினையை இப்படித்தான் வாசிக்க வேண்டும்: யார் எதற்கு உரிமை கோருகிறார்கள்?

டென்மார்க் அரச இலச்சினையில் மூன்று மகுடங்கள் இருந்தன. டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றும் ஒரே முடியின் கீழ் இருந்த காலத்தின் நினைவு அது. சுவீடன் 1523இல் பிரிந்துபோனது, மகுடங்கள் போகவில்லை. 1563இல் மூண்ட ஏழாண்டுப் போருக்கு இந்த மகுடச் சண்டையும் ஒரு காரணம். 2024 டிசம்பரில்தான் மன்னர் பத்தாம் பிரெடெரிக் அவற்றை நீக்கினார். கிரீன்லாந்தின் பனிக்கரடியும் பரோ தீவுகளின் ஆட்டுக்கடாவும் தனித்தனிக் கட்டம் பெற்றுப் பெரிதாயின. கிரீன்லாந்து அமெரிக்காவுக்கு வேண்டும் என்ற பேச்சு எழுந்த நேரம் அது.

நமக்கும் இது பழக்கமான மொழிதான். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் சோழரின் புலி மட்டும் இல்லை. பாண்டியரின் இரு கயல்களும் சேரரின் வில்லும் கூடவே இருக்கின்றன. வென்றவன் தன் முத்திரையில் தோற்றவர்களையும் வைத்துக்கொண்டான்.

இனி தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் நகர வாயிலில் சற்று அண்ணாந்து பாருங்கள். டேனியர் 1620இல் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று வந்தார்கள்; 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். மன்னரின் பெயரெழுத்து மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. அதன் கீழே மீன் கூடையோடு நடந்துபோகிறவர்களிடம் அது இப்போது எதையும் கோருவதில்லை.