கழிபுகையும் கால் மைலும்

அடுப்பில் விறகு எரியாமற் புகைந்துகொண்டிருக்கும்போது வீட்டுப் பெண்கள் ஊதுகுழலை எடுத்து ஊதுவர். விறகு அதே விறகுதான். புதிதாக ஒரு சுள்ளியேனும் இடப்படவில்லை. ஆயினும் தீ குபீரென எழுகின்றது. கொல்லன் பட்டறையிலும் இதே நிகழ்ச்சிதான். துருத்தியின்றி அங்கே இரும்பு இளகாது. தீக்கு விறகு எவ்வளவு வேண்டுமோ, காற்றும் அவ்வளவு வேண்டும் என்பதை நூலிற் படியாதவரும் பழக்கத்தால் அறிந்திருக்கின்றனர்.

மோட்டார்க் காரின் இயந்திரமும் ஒருவகை அடுப்பே. ஒரு கிலோ பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். தொட்டி நிறையப் பெற்றோல் இருந்தும் பயனில்லை. இயந்திரம் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கின்றதோ அவ்வளவுக்கே அதன் வலு அமையும். வலுவைப் பெருக்க இரண்டு வழிகள் உள. ஒன்று, இயந்திரத்தின் உருளைகளைப் பெரிதாக்குதல். மற்றது, சிறிய உருளைக்குள்ளேயே காற்றைத் திணித்துப் புகுத்துதல். நிலமும் எண்ணெயும் தாராளமாயிருந்த அமெரிக்க ஐக்கிய நாடு நெடுங்காலம் முதல் வழியிலேயே சென்றது. இரண்டாம் வழியில் அந்நாடு சென்ற கதையும், அவ்வழியில் உருவான கார்களைச் சொந்தமாக வைத்துக் கால் மைல் ஓட்டங்களில் ஓட்டியவர்களின் நினைவுகளும் இன்றும் சுவை குன்றாதவை.

காற்றைத் திணிப்பதற்குத் துருத்தி வேண்டும். துருத்தியை இயக்குவது யார்? இயந்திரமே அதனை இயக்குமாயின், பெறும் வலுவில் ஒரு பகுதியை அதற்கே கூலியாகக் கொடுக்கவேண்டும். சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளரான அல்பிரட் பூக்கி என்பவர் இதற்கு ஒரு விடை கண்டார். எரிந்து முடிந்த புகை மிகுந்த வெப்பத்தோடும் விசையோடும் குழாய்வழியே வெளியேறி வீணாகின்றது. பெற்றோல் தரும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்களவு இவ்வாறே போய்விடுகின்றது. அந்தப் புகையின் பாதையில் ஒரு சிறு சுழலியை வைத்து, அதே அச்சின் மறுமுனையில் காற்றை அமுக்கும் இன்னொரு சுழலியை வைத்தால், வீணாகும் புகையே துருத்தியை ஊதும். 1905ஆம் ஆண்டில் அவர் இக்கருத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். இதுவே டேர்போ எனச் சுருக்கமாக வழங்கும் கருவி.

இதன் அருமை முதலில் உணரப்பட்டது வானத்திலேயாம். உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகின்றது. விமானத்தின் இயந்திரம் மூச்சுத் திணறுகின்றது. 1918ஆம் ஆண்டில் சான்போட் மொஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் என்னும் 14,000 அடிக்கு மேற்பட்ட மலையுச்சிக்கு ஒரு விமான இயந்திரத்தைக் கொண்டு சென்றார். அந்த உயரத்தில் வலுவிழந்து நின்ற இயந்திரம், டேர்போவைப் பூட்டியதும் கடல் மட்டத்திற் காட்டிய வலுவை மீண்டும் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்திற் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இக்கருவியின் துணையாலேயே பறந்தன.

மக்கள் ஓட்டும் காரில் அது ஏறியது 1962ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டில் அமெரிக்காவில் இரண்டு கார்கள் டேர்போவுடன் விற்பனைக்கு வந்தன. ஒன்று செவர்லே நிறுவனத்தின் கோர்வெயர் மொன்சா ஸ்பைடர். மற்றது ஒல்ட்ஸ்மொபைல் நிறுவனத்தின் ஜெட்பயர். ஜெட்பயரின் எட்டு உருளை இயந்திரம் 215 கன அங்குலக் கொள்ளளவுடையது. அதிலிருந்து பெறப்பட்டதும் 215 குதிரைவலு. கன அங்குலத்துக்கு ஒரு குதிரைவலு என்பது அந்நாளிற் பெருமைக்குரிய கணக்கு.

ஆயினும் அதற்கு ஒரு தொல்லை இருந்தது. காற்றை அமுக்கினால் அது சூடேறும். சூடேறிய காற்றும் பெற்றோலும் கலந்த கலவை, தீப்பொறி இட்ட ஒழுங்கில் எரியாது, தானே வெடித்து உலோகத்தைச் சிதைக்க வல்லது. இதனைத் தடுப்பதற்காக மெதனோலும் நீரும் கலந்த திரவமொன்றை ஜெட்பயரின் இயந்திரத்துக்குள் தெளித்தனர். அத்திரவம் தீர்ந்தால் உரிமையாளரே மறுபடி நிரப்பவேண்டும். பலர் நிரப்பவில்லை. திரவம் தீர்ந்ததும் காவலாக வைக்கப்பட்ட அடைப்பிதழ் காற்றின் அமுக்கத்தைத் தணித்துவிடும், கார் மந்தமாகும். காரைக் குறை கூறியவர் பலர். வெறுமையான பாத்திரத்தைப் பார்த்தவர் சிலரே. இறுதியில் நிறுவனமே டேர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் காபரேற்றரைப் பூட்டிக் கொடுக்க முன்வந்தது. இரண்டு ஆண்டுகளில் ஜெட்பயர் நின்றுபோயிற்று. இரவலாகக் கிடைத்த வலுவுக்குப் பராமரிப்பே வட்டி என்பது அக்காரினாற் கிடைத்த பாடம்.

இனி, கால் மைல் ஓட்டத்தின் கதையைச் சிறிது காண்போம். இரண்டு கார்கள் அசையாது நின்று, ஒரே வேளையிற் புறப்பட்டு, நேர்ப்பாதையில் 1,320 அடி ஓடுவதே டிராக் பந்தயம். வளைவு இல்லை; சுற்று இல்லை; சில வினாடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். இப்பழக்கம் கலிபோர்ணியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் காரோட்டிய இளைஞரிடையே வளர்ந்தது. போர் முடிந்தபின் அது நகரத் தெருக்களுக்கும் பரவியது. தெருவோ வழிப்போக்கருக்கும் குழந்தைகளுக்கும் உரியது. ஓட்டியவர் மட்டுமன்றி, யாதொரு தொடர்புமில்லாதவரும் அங்கே உயிர் துறந்தனர்.

இளைஞரின் விருப்பத்தைத் தடுப்பதிலும் அதற்கு ஓர் இடத்தையும் ஒழுங்கையும் அமைத்துக் கொடுப்பது மேல் என எண்ணியவர்களும் அந்நாட்டில் இருந்தனர். 1950ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் சாந்தா அனா விமான நிலையத்து ஓடுபாதையொன்றில் கட்டணத்துடன் கூடிய ஓட்டங்கள் தொடங்கின. அடுத்த ஆண்டில், மோட்டார்ச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியராயிருந்த வொலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹொட் ரொட் சங்கத்தை நிறுவினார். காரைப் பரிசோதித்தல், காவல் விதிகள், நேரமளத்தல் ஆகியன வழக்கத்துக்கு வந்தன. 14 வினாடிக்குக் குறைந்த நேரத்தில் ஓடும் கார்களின் ஓட்டிகள் தலைக்கவசம் அணியவேண்டும் என்பது பிற்காலத்தில் ஏற்பட்ட விதிகளுள் ஒன்று. 1963இல், கொடி காட்டுபவரின் இடத்தைப் பல நிற விளக்குகள் கொண்ட கம்பமொன்று பெற்றது. பச்சை விளக்குக்கு முன் அசைந்தவருக்குச் சிவப்பு விளக்கு, அவர் தோற்றவராவார்.

டேர்போவின் கதை மீண்டும் தொடங்குவது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியோடு. பெற்றோல் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. பெரிய இயந்திரமே பெருமை என்றிருந்த நாட்டுக்குச் சிறிய இயந்திரம் திடீரெனத் தேவைப்பட்டது. பியூக் நிறுவனம் 1962இல் ஆறு உருளை இயந்திரமொன்றை ஆக்கியிருந்தது. ஜெட்பயரின் எட்டு உருளை இயந்திரம் பிறந்த குடும்பத்தில் இதுவும் ஒன்று. இனி இதற்குத் தேவையில்லை எனக் கருதி, அதனை ஆக்கும் எந்திரச் சாதனங்களை 1967இல் ஜீப் ஆக்கும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டனர். நெருக்கடி வந்தபின், 1974இல் அவற்றைத் திரும்ப விலைக்கு வாங்க நேர்ந்தது. வேண்டாமென ஒதுக்கியதை விலை கொடுத்து மீட்ட இக்கதை, கழிபுகையைப் பயனாக்கும் கருவியின் கதைக்குப் பொருத்தமான முன்னுரையே.

1978இல் அந்த இயந்திரம் டேர்போவுடன் பியூக் கார்களில் வெளிவந்தது. தானே வெடிக்கும் கோளாற்றின் அதிர்வை உணர்ந்து, தீப்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தும் இலத்திரன் கருவி அதில் இருந்தது. 1962இல் உரிமையாளர் செய்யத் தவறிய காவலை இப்போது கருவி மேற்கொண்டது. 1984இல் பெற்றோலை அளந்து தெளிக்கும் முறை சேர்ந்தது. வலு 200 குதிரைவலு ஆயிற்று. 1986இல் அமுக்கப்பட்ட காற்றைக் குளிரச் செய்யும் இடைக்குளிர்த்தி சேர்ந்தது. வலு 235 ஆயிற்று. 1987இல் அது 245. கிராண்ட் நஷனல் எனப்பட்ட இக்கார் சதுர முகத்தோடு, முழுதும் கருநிறம் பூண்டு, குடும்பத்தினர் செல்லும் வண்டிபோலவே தோன்றியது. அதே ஆண்டில் செவர்லேயின் கோர்வெட் என்னும் விளையாட்டுக் காரின் எட்டு உருளை இயந்திரம் தந்தது 240 குதிரைவலு மாத்திரமே. கடைசியாண்டில் ஜீ.என்.எக்ஸ். என்னும் பெயருடன், 276 குதிரைவலு எனக் குறிக்கப்பட்ட 547 கார்கள் மட்டும் ஆக்கப்பட்டன. 1987 டிசம்பரில் மிச்சிக்கன் மாநிலத்தின் பொன்ரியாக் நகரில் கடைசிக் கிராண்ட் நஷனல் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது.

இக்கார்களை அந்நாளில் வாங்கியோர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களுடைய நினைவுகளில் முதலில் வருவது வெற்றியன்று, காத்திருத்தலே. சாதாரணக் கார் மிதித்தவுடன் பாயும். டேர்போ அவ்வாறன்று. புகை பெருகவேண்டும், சுழலி வேகம் பெறவேண்டும், அதன் பின்னரே காற்று திணியும். ஆகவே புறப்படும் கோட்டில் நிற்கையில் இடக்காலால் தடையை அழுத்தி, வலக்காலாற் சிறிதளவு பெற்றோலைக் கொடுத்து, அமுக்கமானியின் முள் ஏறுவதைக் கவனிப்பர். முள் போதிய அளவு ஏறாவிட்டால் புறப்பாடு மந்தமாகும். மிதமிஞ்சி ஏறினால் பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கும். விளக்கைப் பார்க்கும் கண் ஒன்றானால், முள்ளைப் பார்க்கும் கண் மற்றொன்று.

அடுத்தது குளிர்ச்சி பற்றிய நினைவு. குளிர்ந்த காற்று அடர்ந்தது. அதில் எரிதிறன் மிகுதி. ஆகவே இரண்டு ஓட்டங்களுக்கிடையே இடைக்குளிர்த்தியின்மேல் பனிக்கட்டிப் பைகளை வைத்துக் காத்திருப்பர். மாலை வெயில் தணிந்த பின் ஓடிய ஓட்டமே அன்றைய நல்ல ஓட்டம் எனச் சொல்வர். காரை நிறுத்தும்போதும் அவசரம் ஆகாது. நிமிடத்துக்கு ஓரிலட்சம் முறைக்குமேற் சுழலும் கருவி அது. கடும் ஓட்டத்தின் பின் உடனே இயந்திரத்தை அணைத்தால், வெப்பமேறிய அச்சில் எண்ணெய் கருகிப் படியும். ஆகவே ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டே அணைப்பர். ஓடிய மாட்டை ஆறவிட்டுத் தண்ணீர் காட்டும் வண்டிக்காரனின் பக்குவம் இதுவே.

இவையனைத்துக்கும் மேலாக அவர்கள் பேணி வைத்திருப்பது ஒரு சிறு காகிதத் துண்டு. ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் ஓட்டிக்கு ஒரு நேரச் சீட்டுக் கொடுக்கப்படும். விளக்கைக் கண்டு புறப்பட எடுத்த நேரம், முதல் 60 அடிக்கு எடுத்த நேரம், கால் மைலுக்கு எடுத்த நேரம், முடிவில் இருந்த வேகம் ஆகியன அதிற் பதிவாகும். மனித நினைவு ஆண்டுக்காண்டு வேகம் கூடும் இயல்புடையது. இளமையில் 14 வினாடியில் ஓடிய கார், பேரப்பிள்ளைகளிடம் கதை கூறும் காலத்தில் 12 வினாடியில் ஓடியதாகிவிடும். சீட்டு அவ்வாறு மாறாது. மை மங்கினாலும் எண் பொய்க்காது. வீரப்பேச்சுக்கும் உண்மைக்கும் இடையே அந்தக் காகிதம் நடுவராய் நிற்கின்றது.

இவ்வோட்டங்களுள் ஒருவகை சிந்தனைக்குரியது. தன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என ஒவ்வொருவரும் முன்னரே எழுதிக் கொடுக்கவேண்டும். மெதுவான காருக்கு அந்த வேறுபாட்டளவு நேரம் முந்திப் புறப்பட வாய்ப்புண்டு. இங்கே ஒரு நுட்பம் உளது: எழுதிக் கொடுத்த நேரத்திலும் விரைவாக ஓடியவர் பொதுவாகத் தோற்றவராகக் கருதப்படுவார். ஆகவே 18 வினாடியில் ஓடும் பழைய வண்டியும் 11 வினாடியில் ஓடும் வண்டியை வெல்லலாம். வேகமானவர்க்கன்று, தம் அளவைத் தாமே அறிந்தவர்க்கே வெற்றி. வேகத்துக்காகவே ஏற்பட்ட விளையாட்டு, தன்னளவறிதலைப் பரிசுக்குரியதாக்கியது பெரும் வியப்பன்றோ!

தெருவில் ஓடியவர்களுக்கு இச்சீட்டுக் கிடைப்பதில்லை. அங்கே நேரத்தை அளப்பவரும் இல்லை. காரைப் பரிசோதிப்பவரும் இல்லை. ஓடுபாதையின் முடிவில் காத்திருக்கும் மருத்துவ வண்டியும் இல்லை. அமெரிக்காவில் தெருவோட்டம் சட்டத்துக்கு மாறானது. ஆயினும் அது இன்றும் உயிர்களைக் கொள்ளைகொள்கின்றது. ஒரே காரும் ஒரே இளைஞனும் ஓர் இடத்தில் விளையாட்டாகவும் மற்றோர் இடத்திற் கொலையாகவும் முடிவது இடத்தையும் ஒழுங்கையும் பொறுத்தே. பழைய உரிமையாளர் பலர் தம் பிள்ளைகளை ஓடுபாதைக்கு அழைத்துச் சென்று, அங்கே மட்டுமே மிதி எனக் கற்பிப்பது இதனாலேயாகும்.

கென்ரக்கி மாநிலத்தின் பவுலிங் கிரீன் நகர ஓடுபாதையில் பழைய பியூக் கார்கள் ஆண்டுதோறும் கூடுவதுண்டு. மூடியைத் திறந்து, குழாய்களைத் தொட்டுக் காட்டி, தந்தையர் மைந்தர்க்கு விளக்குவர். இன்று டேர்போ அரிய பொருளன்று. சாதாரணக் குடும்பக் கார்களிலும் அது பெற்றோலைச் சிக்கனப்படுத்தும் கருவியாய் அமைந்துவிட்டது. மின்சாரக் கார்கள் பெருகிவரும் இக்காலத்தில், புகையால் ஊதப்படும் துருத்தியே ஒருநாள் பழங்கதையாகலாம். ஆயினும் அது விட்டுச் செல்லும் பாடம் பழையதாகாது. வீணென விட்டதிலும் வலு உண்டு. அவ்வலுவைப் பொறுமையோடு காத்துப் பெறவேண்டும். பெற்றபின் அதற்குரிய இடத்திலும் அளவிலும் செலவிடவேண்டும். ஊதுகுழலை எடுத்த கை அளவறிந்து ஊதினால் சோறு வேகும். அளவு மீறினால் சாம்பல்தான் கண்ணில் விழும்.